புதுப்பிப்பு: ஆயில் மாற்றியபின் சிறிய டிராக்டரின் ஹைட்ராலிக்கில் நின்ற காற்று

ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு) ஆயிலையும் பில்டரையும் மாற்றிய பிறகு லோடர் (முன்புற வாளியைத் தூக்கும் கை) விட்டுவிட்டு ஏறுகிறது, பம்ப் ஊளையிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி, சிக்கல் தீர்ந்துவிட்டது.

பலரும் சொன்னபடி, இன்ஜினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, லோடரையும் பின்புற லிஃப்டையும் மெதுவாக முழு அளவுக்கு ஏற்றி இறக்கியதில் பெரும்பகுதிக் காற்று வெளியேறியது. புதிய பில்டரும் சிலிண்டர்களும் நிரம்பியதால் ஆயில் மட்டம் இறங்கியது. லோடரைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, மட்டம் பார்த்து நிரப்பினேன்.

ஆயினும் வண்டி சூடேறியதும் நுரை திரும்பியது. அதைத் தீர்த்தது, பம்புக்கு ஆயில் வரும் உறிஞ்சு குழாயைச் சோதிக்கச் சொன்னவரின் யோசனைதான். இன்ஜின் ஓடும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடுவதால், ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே கசியாமலே காற்று உள்ளே புகுந்துவிடும். இணைப்பைச் சுற்றி கிரீஸ் பூசியதும் பம்பின் ஊளை அடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பின் அடியில் ரப்பர் இறுகி, மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன. குழாயையும் கிளாம்பையும் மாற்றியபின் நுரை வரவில்லை.

நான் எதிர்பாராத ஒன்று, ஆயில் பால்போல் வெளுத்திருந்தது. தண்ணீர் கலந்துவிட்டதோ என்று அஞ்சி, கொஞ்சத்தைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து வைத்தேன். குமிழ்கள் மேலேற, அடியிலிருந்து மெல்லத் தெளிந்தது. தண்ணீர் கலந்த ஆயில் அவ்வளவு எளிதில் தெளியாது.