டயாலிசிஸ் முடிந்ததும் அமைலேஸ் திறன் விழுந்துவிடுகிறது, ஏன்?

கேள்வி (காரைக்குடி):
பேசில்லஸ் அமைலோலிகுவிஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து, ஸ்டார்ச்சை உடைக்கும் நொதியான ஆல்ஃபா அமைலேஸ் எடுக்கிறோம். ஸ்டார்ச் 1%, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5%, பெப்டோன் 0.5%, கால்சியம் குளோரைடு 0.02%, பிஎச் 7, 37 டிகிரி, 48 மணி நேரம். அம்மோனியம் சல்பேட் 70% தெவிட்டலில் வரும் வீழ்படிவு வரை திறன் நன்றாக இருக்கிறது. அந்த உப்பை நீக்க, சவ்வுப் பையில் ஊற்றி 50 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபரில் (பிஎச் மாறாமல் காக்கும் கரைசல்) இரவு முழுக்க டயாலிசிஸ் செய்தால், காலையில் பைக்குள் வெள்ளைக் கலங்கல். திறனில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. துணியிலிருந்து கஞ்சியை நீக்கத்தான் இந்த நொதி. கண்டாங்கிக்கும் கொடுக்கலாமா? ஊடகத்தில் அரிசி ஆலைத் தவிடு போடலாமா?

பதில் (தேவகோட்டை):
முதல் சந்தேகம் பஃபர்மேல்தான். இந்த அமைலேஸின் மடிப்பை, அதாவது வடிவத்தை, தாங்கிப் பிடிப்பது கால்சியம். பாஸ்பேட் அதைக் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்த்திவிடும். 20 மில்லிமோலார் ட்ரிஸ், 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு சேர்ந்த பஃபருக்கு மாறுங்க. ட்ரிஸ்ஸின் பிஎச்சைக் குளிரறையிலேயே சரிசெய்யணும். 25 டிகிரியில் 7.5 வைத்தால் 4 டிகிரியில் கிட்டத்தட்ட 8.1 ஆகிவிடும். மிச்சமிருக்கும் மாதிரியில் கொஞ்சத்தை இந்தப் பஃபருக்கு மாற்றி, கால்சியத்தை 5 மில்லிமோலார் ஆக்கி, அரைமணி கழித்து அளங்க. திறன் ஓரளவு மீண்டால் காரணம் உறுதி. மீளாவிட்டாலும் பாஸ்பேட் குற்றவாளி இல்லை என்று விட்டுவிடாதீங்க. முழுக்கக் குலைந்த நொதி திரும்பாது.

பதில் (கல்லல்):
புரதத்தை அறுக்கும் நொதியான புரோட்டியேஸையும் பாருங்க. இதே பாக்டீரியா சப்டிலிசின், நடுநிலை புரோட்டியேஸ் என்று இரண்டையும் சேர்த்தே சுரக்கும். இரவு முழுக்க வைத்தால் அமைலேஸை அறுத்துத் தின்னும். பால்பவுடர் அகாரில் ஒரு சொட்டு வைத்தால் தெளிந்த வளையமே சொல்லிவிடும். அதைத் தடுக்க எடிடிஏ மட்டும் வேண்டவே வேண்டாம், கால்சியத்தையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ளும். சப்டிலிசினைத் தடுக்கப் பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருள் சோதனை அளவில் போதும். 48 மணி என்று கடிகாரம் பார்த்து நிறுத்தாமல், அமைலேஸ் ஏற்றம் நிற்கும்போதே அறுவடை செய்யுங்க.

பதில் (தேவகோட்டை):
இன்னொன்று: கஞ்சி எடுக்க இவ்வளவு சுத்தம் எதற்கு? மையவிலக்கில் செல்லை நீக்கி, 10 கிலோடால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளை நிறுத்தும் அல்ட்ராஃபில்ட்ரேஷன் சவ்வில் பத்தில் ஒரு பங்காக அடர்த்துங்க. அமைலேஸ் சுமார் 55 கிலோடால்டன், தங்கிவிடும். அம்மோனியம் சல்பேட் செலவும் அதன் கழிவுநீரும் மிச்சம். கிளிசரால் 20%, உப்பு 10% சேர்த்துக் குளிரில் வையுங்க. வளர்ப்பின்போது வரும் நுரையை அடக்கச் சிலிக்கோன் அளவோடு போதும். அதிகமானால் ஆக்சிஜன் கரைவது குறையும், சவ்வும் அடைபடும்.

தவிடு போடலாம், ஆனால் எண்ணெய் எடுத்த தவிடாக இருக்கணும். ஆலையிலிருந்து வரும் பச்சைத் தவிடு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும், கொழுப்பும் சவ்வைக் கெடுக்கும்.

கண்டாங்கி சாயமேற்றிய நூலில் நெய்வது, துவைத்தாலே கஞ்சி போய்விடும். இதற்கு நொதி வீண் செலவு. வெளுக்கவும் சாயமிடவும் போகும் துணிக்குக் கேளுங்க. தொட்டி 60–70 டிகிரி, பிஎச் 6–6.5. தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் மருந்து எதுவும் சேர்க்கக் கூடாது, நொதிக்கு வேண்டிய கால்சியத்தை அது பிடுங்கிவிடும். முடிந்ததும் அயோடின் சொட்டு வையுங்க: நீலம் வந்தால் கஞ்சி இன்னும் இருக்கு.