ஓஷியானிக் பிளாட்டோவுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்கிழமைக்குள்)

மொழிபெயர்ப்பி:
வணக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்கான கடலியல் நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓஷியானிக் க்ரஸ்ட் (கடலுக்கடியில் உள்ள பாறை ஓடு), ஓஷியானிக் பிளாட்டோ (கடல்தரையில் உயர்ந்து பரந்து கிடக்கும் மேடு) இரண்டும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. முதலாவதற்குக் 'கடலோடு' என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் "எது கடலோடு?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

தொல்விரும்பி:
அவர் கேட்டது நியாயம்தான் அம்மா. மூன்றாம் வேற்றுமை உருபு வந்து நிற்கிறதே! 'கடல் மேலோடு' என்றாலும் தப்பிக்க முடியாது, கடல் மேல் ஓடச் சொல்வது போலிருக்கும். 'கடலடி மேலோடு' என்றால் அடியும் மேலும் ஒரே தொடரில் சண்டை போடும். பிளாட்டோவுக்குக் 'கடற்றிண்ணை' என்று வைக்கலாம். பீடபூமி மட்டும் வேண்டாம், இரண்டு பாதியும் வடமொழி. கடல்திண்ணை என்று எழுதிவிடாதீர்கள், லகரத்தின் முன் தகரம் வந்தால் திரியும்.

யாழ்க்குடா:
எங்கள் பக்கம் 'மேட்டுநிலம்', 'புவியோடு' என்றுதான் படித்தோம். 'சமுத்திரப் புவியோடு' என்று வைத்தால் என்ன?

தொல்விரும்பி:
சமுத்திரமா! கடல், ஆழி, முந்நீர், பௌவம் என்று இத்தனை இருக்க?

கல்லுடைப்பான்:
சொல்லை விடுங்கள், முதலில் பொருளைப் பார்ப்போம். நடுக்கடல் முகடுகளில், அதாவது கடலடியில் நீளும் மலைத்தொடர்களில், புவியின் மேற்பரப்புத் தட்டுகள் விலகுகின்றன. அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து மூடகப் பாறை (ஓட்டுக்கு அடியில் இருக்கும் மேண்டில்) மெல்ல ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைவதால், புதிதாகச் சூடு கொடுக்காமலே ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது. உருகியது மேலே வந்து, கடல்தரையில் தலையணை வடிவ எரிமலைப்பாறையாகவும் அதற்குக் கீழே ஆறி இறுகிய கப்ரோ என்னும் கரும்பாறையாகவும் மாறுகிறது. கடலுக்கடியில் உள்ள ஓடு பெரும்பாலும் இப்படி வந்ததுதான். தடிமன் 6, 7 கி.மீ.

பிளாட்டோ வேறு. சாலமன் தீவுகளுக்கு வடக்கே இருக்கும் ஒன்டோங் ஜாவாவை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் ஏறக்குறையப் பாதிப் பரப்பு. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பெருக்கெடுத்த எரிமலைக் குழம்பு. அங்கே ஓட்டின் தடிமன் 30 கி.மீ.க்கு மேல். ஆனால் சுற்றியுள்ள தரையைவிட உயரம் இரண்டு மூன்று கி.மீ.தான், மிச்சமெல்லாம் கீழ்நோக்கிப் புதைந்திருக்கிறது. திண்ணை என்றால் தரைமேல் கட்டிவைத்தது போலல்லவா தோன்றும்?

தொல்விரும்பி:
கடைக்கால் தோண்டாமல் எந்தத் திண்ணை ஐயா நிற்கும்?

அந்தாதி:
கடலுக்கடியில் எரியும் தீக்கு நம் புலவர்கள் 'வடவை' என்று பெயர் வைத்துவிட்டார்களே. 'வடவைமேடு' எப்படி? அப்புறம், ஜப்பானுக்குக் கிழக்கே 'தமு' என்று ஒரு மாபெரும் கடலடி எரிமலை உண்டாம். தமு, தமிழ்... யாராவது யோசித்தீர்களா?

கல்லுடைப்பான்:
டெக்சஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டியின் முதலெழுத்துகள் அவை. அங்கே பணிபுரிந்தவர் வைத்த பெயர். ஆனால் தமுவை இழுத்தது நல்லதாயிற்று. 2013இல் அதை ஒரே பெரிய எரிமலை என்றார்கள். 2019இல் கடல்தரைப் பாறையில் பதிந்த காந்தப் பட்டைகளை அளந்து பார்த்தவர்கள், நடுக்கடல் முகட்டில் தரை விரிவது போலவே உருவானது என்றார்கள். ஆகவே 'எரிமலை', 'வடவை' எதையும் சொல்லுக்குள் திணிக்காதீர்கள். உருவான விதம் பற்றிய கருத்து மாறும்போது சொல் பொய்யாகிவிடும்.

தொல்விரும்பி:
வடவையும் வடமொழிதான், பெண்குதிரை.

கரைவலை:
கடலுக்குள் கிடக்கும் பாறைத் திட்டை நாங்கள் 'பார்' என்போம். முத்துக் குளித்த இடங்களும் பார்தான். 'பெரும்பார்' என்று வைத்தால் என்ன?

மொழிபெயர்ப்பி:
அழகாக இருக்கிறது அண்ணா. ஆனால் 'பெரும்பார் 12 கோடி ஆண்டுப் பழமையானது' என்று எழுதினால் உலகத்தைச் சொல்வதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். பலகையில் எழுதினால் இன்னும் மோசம், ஏவல்வினையாகிவிடும்.

அந்தாதி:
இந்தியப் பெருங்கடலின் தெற்கே கெர்கேலன் பிளாட்டோவைத் துளைத்தபோது மரத்துண்டு கிடைத்ததாமே. அப்படியானால் குமரிக்கண்டம்...

கல்லுடைப்பான்:
வந்துவிட்டதா! மரம் கிடைத்தது உண்மை, அதன் சில பகுதிகள் ஒருகாலத்தில் நீருக்கு மேலே இருந்தன. ஒரு மூலையில் இந்தியாவோடு ஒட்டியிருந்த கண்டத் துண்டும் உண்டு. ஜார்கண்டின் ராஜ்மகால் எரிமலைப்பாறைகளுக்கும் வங்கக் கடலடியிலிருந்து தெற்கே நீளும் தொண்ணூறு கிழக்கு முகட்டுக்கும், கெர்கேலனை உருவாக்கிய அதே வெப்பமையம்தான் (கீழிருந்து சூடு பொங்கிவரும் இடம்) மூலம் என்கிறார்கள். எல்லாம் பல கோடி ஆண்டுக் கணக்கு. பாண்டியன் என்ன, மனிதனே இல்லை.

மட்டுறுத்துநர்:
குமரிக்கண்டத்துக்குத் தனி இழை இருக்கிறது. தயவுசெய்து அங்கே.

தொல்விரும்பி:
இரவெல்லாம் யோசித்தேன். பீடு என்றால் பெருமை, உயர்வு. பீடம் அதிலிருந்து பிறந்ததாகவே இருக்கலாம்.

யாழ்க்குடா:
அப்படியென்றால் பீடபூமியில் பாதி தமிழாகிவிட்டது ஐயா. உங்கள் வாக்கும் அதற்கே என்று எழுதிக்கொள்ளலாமா?

மொழிபெயர்ப்பி:
சரி, நாளை காலை கோப்பு போகிறது. தக்காணப் பீடபூமியைப் படித்த பிள்ளைகளுக்குக் 'கடலடிப் பீடபூமி' உடனே புரியும். ஐந்து பேர் ஏதோ ஒரு மாதிரி சரி என்றுவிட்டீர்கள். க்ரஸ்டுக்குப் 'பெருங்கடல் மேலோடு'. 'பார்' ஒரு பெட்டிச் செய்தியில் வருகிறது.

தொல்விரும்பி:
போடுங்கள். கடற்றிண்ணையை நான் விடுவதாக இல்லை. பூமி என்னும் மறுபாதிக்கும் வேர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கல்லுடைப்பான்:
அம்மா, 41ஆம் பக்கத்தில் மேண்டில் ப்ளூமுக்கு, அதாவது மூடகத்திலிருந்து தூண்போல் மேலேறும் சூடான பாறைக்கு, 'குழம்புத் தூண்' என்று போட்டிருக்கிறீர்கள். அது குழம்பல்ல, ஏறும்போது பெரும்பாலும் திடப்பாறைதான்.

மொழிபெயர்ப்பி:
மணி பதினொன்றாகிறது ஐயா. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

தொல்விரும்பி:
தூண் தமிழ்தான். அதற்கு முன்னால் என்ன வைப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.