முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் கழிந்த வாரங்கள்: உங்கள் அனுபவங்கள்

நெல்லையிலிருந்து ஒரு அம்மா

என் மகளுக்கு 13 வயதில் ஸ்கோலியோசிஸ் (முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்துபோவது) ஆபரேஷன் நடந்தது. இப்போது ஏழாவது மாதம். ஆபரேஷன் எப்படிச் செய்வார்கள் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளை எப்படி இருப்பாள் என்று இன்னொரு தாய் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டேன், கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் கண்டுபிடித்தது யூனிபார்முக்கு அளவெடுத்த டெய்லர் அக்காதான். "வலது தோள் ஏறியிருக்கே, நிமிர்ந்து நில்லும்மா" என்றார். அவள் நிமிர்ந்துதான் நின்றிருந்தாள். எக்ஸ்ரேயில் வளைவு 38 டிகிரி. வளைவு கூடாமல் இருக்க உடம்பைச் சுற்றிப் போடும் பெல்ட் கொடுத்தார்கள். நெல்லை வெயிலில் ஒரு வருடம் போட்டாள். ஆனால் அவள் கிடுகிடுவென்று வளர்ந்த அந்த வருடத்திலேயே வளைவும் வளர்ந்து 56 ஆகிவிட்டது. 50-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்ற பிறகும் வளைவு கூடிக்கொண்டே போக வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். புத்தகப் பை தூக்கியதால் வந்தது, ஒருக்களித்துப் படுத்ததால் வந்தது என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டும் காரணமில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வரும் பெரும்பாலான வளைவுக்குக் காரணமே தெரியாது என்று டாக்டர் எனக்கு மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் நம்பினேன்.

சென்னையில் ஆறு மணி நேர ஆபரேஷன். முதுகுத்தண்டை நேராக்கிப் பிடித்துவைக்க இரண்டு டைட்டானியம் கம்பி, இருபது ஸ்க்ரூ. ஐசியுவில் பார்த்தபோது முகமெல்லாம் வீங்கி, கண் இடுங்கி, என் பிள்ளைதானா என்றிருந்தது. குப்புறப் படுக்கவைத்துச் செய்வதால் வரும் வீக்கமாம், இரண்டு நாளில் வடிந்துவிட்டது. இதை முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் அந்த ராத்திரி அப்படி அழுதிருக்கமாட்டேன்.

மறுநாளே உட்காரவைத்தார்கள். மூன்றாம் நாள் நாலு எட்டு நடந்தாள். எழுந்திருக்க ஒரு முறை இருக்கிறது: தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, மரக்கட்டை உருளுவது போல முழு உடம்பும் பக்கவாட்டில் உருள வேண்டும். பிறகு காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். பிசியோதெரபிஸ்ட் எனக்கும் சேர்த்துத்தான் கற்றுக்கொடுத்தார். ஆறாம் நாள் வார்டு மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டியதும் டிஸ்சார்ஜ். சுவரில் நிற்கவைத்து அளந்தால் 4 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாள்.

வலியைவிடப் படுத்தியது மலச்சிக்கல். வலி மருந்து குடலை மந்தமாக்கிவிடுகிறது. ஐந்து நாள் போகவில்லை, அதனால் சாப்பிடவும் மாட்டேன் என்றாள். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் தரையில் பாய் போட்டுப் படுக்கும் குடும்பம் நாங்கள். உயரமான கட்டில் வாங்கினோம், வெஸ்டர்ன் டாய்லெட் வைத்தோம். குனியக் கூடாது, முதுகைத் திருகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. கீழே எது விழுந்தாலும் முதுகை நேராக வைத்து முட்டியை மடக்கி உட்கார்ந்து எடுக்கணும். "மழையில நனைஞ்சா கம்பி துருப்பிடிக்காதா?" என்று ஆச்சி கவலைப்பட்டார். டைட்டானியம் துருப்பிடிக்காது என்று பேத்தியே விளக்கினாள்.

நான் சொல்ல வந்தது மூன்றாவது வாரத்தைப் பற்றி. அவள் அசைந்தாலே ஓடுவேன். பாத்ரூம் வாசலில் நிற்பேன், தண்ணீர் டம்ளரைக்கூட எடுக்கவிடமாட்டேன். ஒரு நாள் ராத்திரி திரும்பிப் படுக்க உதவப்போனபோது என் கையைத் தள்ளிவிட்டாள். "நீ பிடிச்சாத்தாம்மா எனக்குப் பயமா இருக்கு. உன் கை நடுங்குது."

அவளே முட்டியை மடக்கினாள், உருண்டாள், படுத்துக்கொண்டாள். நான் இருட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு ஆறு மணி நேரத்தில் நேராகிவிட்டது. அந்த முதுகை நம்பலாம் என்ற தைரியம் அவளுக்கு வரவேண்டியிருந்தது, அதை நான்தான் வரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். மறுநாளிலிருந்து அடுத்த அறையில் உட்கார்ந்தேன். கூப்பிட்டால் மட்டும் போனேன். கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. ஆறாவது வாரம் பள்ளிக்கூடம் போனாள்.

கோவையிலிருந்து ஒரு அப்பா

என் பையனுக்கு 15. ஊசி வழியாகப் போன வலி மருந்தை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிய அந்த ஒரு நாள்தான் எங்களுக்கு மோசம். அன்றைக்கு மட்டும் வீட்டிலிருந்து இரண்டு பேர் மாறி மாறிக் கூட இருங்கள்.

பள்ளியில் பேசி இரண்டு செட் புத்தகம் ஏற்பாடு செய்தோம், ஒன்று வகுப்பில், ஒன்று வீட்டில். கிரிக்கெட்தான் பெரிய போராட்டம். எலும்பு ஒன்றோடொன்று சேர்ந்து இறுக மாதக்கணக்கில் ஆகும், அதுவரை கம்பிதான் தாங்குகிறது என்று டாக்டர் எக்ஸ்ரேயை வைத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினான். நீச்சலுக்கு முதலில் அனுமதி கிடைத்தது, பந்து வீச ஒரு வருடம் ஆனது. அதுவரை மேட்சுக்கு ஸ்கோர் எழுதப் போனான். நண்பர்களை விட்டு விலகாமல் இருக்க அது உதவியது.

ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தி, வயது 24

எனக்கு 14 வயதில் நடந்தது. நெல்லை அம்மா எழுதியதைப் படித்து என் அம்மாவிடம் காட்டினேன்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லணும். உறவினர்கள் ஹாலில் பேசுவது உள்ளே படுத்திருக்கும் பிள்ளைக்குக் கேட்கும். "பொம்பளைப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம், குழந்தை..." என்று ஒரு பெரியம்மா இழுத்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் குழந்தை பெறுகிறார்கள், சுகப்பிரசவமும் ஆகிறது. பிரசவ நேரத்தில் முதுகில் ஊசி போடுவது பற்றி மட்டும் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டும். வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி இதைச் சொல்லுங்கள்.

தழும்பைச் சுற்றி மரத்துப்போன உணர்வு எனக்குக் கொஞ்சம் இன்னும் இருக்கிறது. பழகிவிட்டது. இங்கிலாந்து இளவரசி யூஜினிக்கு 2002-ல், 12 வயதில் இதே ஆபரேஷன். 2018-ல் தன் கல்யாணத்துக்குத் தழும்பு தெரியும்படி முதுகு திறந்த கவுன் போட்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்த வாரம்தான் முதல்முறையாக இறக்கமான முதுகு வைத்து ஒரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன்.

இன்னொரு அம்மா, திருச்சி

வருகிற செவ்வாய் என் மகளுக்கு ஆபரேஷன். என்ன எடுத்துப்போகணும் என்று யாராவது சொல்லுங்களேன்.

நெல்லையிலிருந்து ஒரு அம்மா

முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி நாலு. படுத்தபடி குடிக்க வளையும் ஸ்ட்ரா. நீளமான சார்ஜர் வயர். குனியாமல் மாட்டுகிற செருப்பு. முந்தின நாள் தலைக்குக் குளிக்கவைத்து, எண்ணெய் வைக்காமல் இரட்டைப் பின்னல் இறுக்கமாகப் போட்டுவிடுங்கள். ஒரு வாரத்துக்குச் சீவ முடியாது, விரித்த தலை சடைபிடித்துவிடும்.

ஆபரேஷன் நடக்கும்போது வெளியே உட்கார்ந்திருக்கும் நீங்களும் சாப்பிடுங்கள். நான் அன்றைக்குக் காபிகூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் ஐசியுவுக்குள் போனதும் கால் தள்ளாடி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவளைப் பார்த்தேன்.