புதுப்பிப்பு: ஆலை டோமஹாக்கா, கையால் அடித்ததா?

டோமஹாக் (எறியவும் பயன்படும் சிறு கைக்கோடாரி) பற்றி, "எறிந்து பழக ஆலைத் தயாரிப்பே போதும், கையால் அடித்தது வெறும் அழகுக்கு" என்று முன்பு எழுதியிருந்தேன். முதல் பாதியில் மாற்றமில்லை. இரண்டாம் பாதியைத் திருத்துகிறேன்: பார்த்து வாங்கினால் கையால் அடித்ததும் எறிய உதவும்.

எறியும்போது முதலில் போவது காம்புதான். ஆலைத் தலைக்கு மாற்றுக் காம்பு சுலபமாகக் கிடைக்கும். கொல்லரிடம் வாங்கினால், தலையில் காம்பு நுழையும் துளையின் அளவைக் கேட்டு வையுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு காம்பையும் நீங்களே செதுக்க வேண்டிவரும்.

ஆலைத் தலையின் பக்கவாட்டில் சிறு திருகு இருந்தால் கழற்றிவிடுங்கள். அது மரத்தைக் குத்தும் இடத்தில்தான் விரிசல் தொடங்கும். பிறகு துளையின் உட்புறப் பெயின்டைச் சுரண்டி, பென்சில் கரி தேய்த்து, காம்பைச் செருகித் தட்டிக் கழற்றுங்கள். காம்பில் கரி ஒட்டிய மேடுகளை மட்டும் அரத்தால் ராவுங்கள். சுற்றிலும் கரி படியும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்பட்டு நிறைய ராவினால் தலை மேலேறிப்போகும், அந்தக் காம்பு வீண். ஆப்பு வேண்டாம், குந்தாலி மாதிரி காம்பின் மேல்முனைப் பருமனே தலையைப் பிடித்துக்கொள்ளும்.

கையால் அடித்ததில் பார்க்க வேண்டியது, இரும்புப் பட்டையை மடித்து உலைச்சூட்டில் ஒட்டிய இடம். துளைக்கும் வெட்டுவாய்க்கும் நடுவில் இருக்கும். அங்கே எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுங்கள். கோடாக எண்ணெய் ஊறி வந்தால் ஒட்டு சரியில்லை, வாங்காதீர்கள். வெட்டுவாயில் அரம் லேசாகக் கடிக்க வேண்டும். வழுக்கினால் எஃகு மிகக் கடினம், எறியும்போது விளிம்பு சில்லு பெயரும். ஆழமாகக் கடித்தால் மிக மென்மை, விளிம்பு மடங்கும். எறிவதற்கு மடங்குவதே மேல், அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம்.