வைன் போத்தலைப் பாதுகாக்க உதவி தேவை

மட்டக்களப்பு உறவுகளே, பெய்ரூட்டில் வேலை செய்யும் மச்சான் ஒரு சத்தோ முசார் சிவப்பு வைன் தந்தார், 2016 அறுவடை. லெபனானில் இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே, ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் உள்ள பெக்கா பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சை. முசார் வைன் நிறுவனம் 1930 இலிருந்து ஹோஷார் குடும்பத்தின் கையில்தான். லெபனான் உள்நாட்டுப் போரின் பெரும்பாலான ஆண்டுகளிலும் வைன் செய்தார்கள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களுக்குத் தெரியும். அறுவடையாகி ஏழு வருடம் கழித்துத்தான் விற்பனைக்கே விடுவார்கள், அப்புறமும் பல வருடம் முதிரும்.

மகளின் கல்யாணம் வரை வைக்க ஆசை. ஆனால் கல்லடி வெக்கை 30 பாகையைத் தாண்டுகிறது, வைனுக்கு 12–14 தான் நல்லம். வீட்டுப் பிரிட்ஜில் நெடுங்காலம் வைத்தால் தக்கை காய்ந்துவிடும். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ யாரிடமாவது வைன் கூலர் இருக்கிறதா? வாடகை தருகிறேன். இல்லாவிட்டால் இப்போதே திறப்பது நல்லதா? அடியில் மண்டி இருந்தால் எப்படி வடிப்பது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.