சூப்பர்ஹீரோ சூட்டுல தெரியுற மசில் எல்லாம் நிஜமா?

கேள்வி:
1989 பேட்மேன்ல மைக்கேல் கீட்டன் நெஞ்சு வயிறெல்லாம் செதுக்கி வச்ச மாதிரி இருக்கு, ஆனா சூட் இல்லாத சீன்ல சாதாரண ஆளாத்தான் தெரியுறாரு. அப்போ நடிகர் உடம்பே ஏத்த வேணாமா, டிரெஸ்ஸே பாத்துக்குமா?

பதில் 1:
பாதி பாத்துக்கும். அந்த சூட் ஃபோம் லேடெக்ஸ், அதாவது நுரை மாதிரி ரப்பர், மசிலை அதுலயே வார்த்துட்டாங்க, கறுப்பு வேறயா, லைட் பட்ட மேடு மட்டும் மின்னும், பள்ளம் இருட்டுல போயிடும், அதான் கட்டுக்கட்டா தெரியுது. ஆனா கழுத்தைத் திருப்பவே முடியாது, பக்கத்துல பாக்கணும்னாலும் உடம்போட திரும்பணும், எனக்கென்னவோ அந்த விறைப்புதான் அவருக்கு ஒரு மிரட்டல் லுக் கொடுத்துச்சு.

பதில் 2:
1978 சூப்பர்மேன் பாருங்க. கிறிஸ்டோஃபர் ரீவ் ஒல்லியாத்தான் இருந்தாரு, உள்ள மசில் மாதிரி காட்ட வைக்குற பேடிங் வேணாம்னுட்டு பாடிபில்டர் டேவிட் ப்ரௌஸ்கிட்ட ட்ரெய்னிங் எடுத்து உடம்பை ஏத்துனாரு. மெல்லிசு துணி, தோள் அசைஞ்சா அதுவும் கூடவே அசையும். இன்னைக்கும் அதை அடிச்சுக்க ஆளில்ல.

பதில் 3:
2008 பேட்மேன் படம் டார்க் நைட்ல சூட்டைத் துண்டு துண்டா பிரிச்சு தலைக்கவசத்தையும் தனியாக்கினப்புறம்தான் கிறிஸ்டியன் பேலால தலையைத் திருப்ப முடிஞ்சுது. பேடிங் ஓவரானா தோள் பெருசாகி தலை சின்னதா தெரியும், 2019 ஷசாம்ல எனக்கு அப்படித்தான் பட்டுச்சு, அதுல நடிச்ச ஸக்கரி லீவைங்கிறவர் ஜிம்ல உழைச்சு ஏத்துன உடம்பு உள்ளயே மறைஞ்சுபோச்சு.