புதுப்பிப்பு: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர் வந்தார்களா?

எங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நான்கைந்து பேருக்கு மேல் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று 3 மாதங்களுக்கு முன்பு இங்கே கேட்டிருந்தேன். நேரத்தை மாற்றிப் பாருங்கள் என்று பலர் எழுதியிருந்தீர்கள், அதுதான் பலித்தது. பிற்பகல் 3 மணிக்கு நூறு நாள் வேலையிலும் களையெடுப்பிலும் இருக்கும் தாய்மார்கள் எப்படி வருவார்கள் என்பது எங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். தலைமையாசிரியரின் இசைவோடு மாலை ஆறரைக்குக் கூடியபோது 22 பேர் வந்தார்கள்.

குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களுமாக இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஏட்டில் எங்கள் குழுவும் அப்படித்தான். பேசுவது மட்டும் ஆண்கள். இம்முறை, மகனும் மருமகளும் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் பேத்தியைத் தானே வளர்க்கும் ஒரு பாட்டி எழுந்து, காலை உணவில் உப்புமா போடும் நாள்களில் பிள்ளைகள் பாதியை மிச்சம் வைக்கிறார்கள் என்றும், சாம்பாரைச் சற்றுத் தாராளமாக ஊற்றினால் போதும் என்றும் சொன்னார். (அவர் உறுப்பினரே இல்லை என்று ஒருவர் முணுமுணுத்தார், யாரும் பொருட்படுத்தவில்லை.) சமைக்கும் சுயஉதவிக் குழுப் பெண்ணும் அங்கேயே இருந்ததால் மறு வாரமே அது சரியாயிற்று.

கழிப்பறைக் குழாயில் மட்டும் இன்னும் தண்ணீர் வரவில்லை, மனு கொடுத்திருக்கிறோம்.